சிசேரியனுக்குப் பின்னும் குறைமாதப் பிரசவத்திலும் தாய்ப்பாலூட்டத் துணை நிற்பது எப்படி?

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குழந்தைகள் சிசேரியன் மூலம் பிறப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எனவே செட்டிநாட்டின் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டுக்குப் பெண்ணைப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்திருந்தால், அறுவை சிகிச்சை நடக்கலாம் என்பதையும், 37 வாரம் நிறையும் முன்பே குழந்தை பிறந்துவிடலாம் என்பதையும் மனத்தில் வைத்தே அந்த வீட்டார் ஆயத்தமாக வேண்டும். இவ்விரு நிலைகளிலும் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைப்பது தானாக நடந்துவிடுவதில்லை. பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் செவிலியராக வேலை பார்த்து நான் கண்ட வரையில், பால் வற்றிப்போன தாய்மார்களில் பெரும்பாலோருக்கு உடலில் எந்தக் குறையும் இருந்ததில்லை. முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி உடனிருந்து செய்ய வைக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணமாக இருந்தது. ஆகவே இதைத் தாய்க்கு மட்டுமன்றி, அவருடைய ஆத்தாளுக்கும் மாமியாருக்கும் கணவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பேறுகாலத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டியவை

எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இல்லையென்றால் குழந்தையை எங்கே அனுப்புவார்கள், அனுப்பினால் தாயும் உடன் போக முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பகுதியிலிருந்து பெரும்பாலும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ, வசதியுள்ளவர்கள் மதுரை அல்லது திருச்சியின் தனியார் மருத்துவமனைகளுக்கோ போகிறார்கள். இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, பனிக்குடம் முன்கூட்டியே உடைதல் போன்ற காரணங்களால் குறைமாதப் பிரசவம் நேரக்கூடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதுதான் சிறந்தது. பிறந்த பிறகு அந்தச் சிறு உடலை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்புவதைவிட இது பன்மடங்கு பாதுகாப்பானது. 34 வாரத்துக்கு முன்பு பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அந்த ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது கிடைப்பது நல்லது என்பதாலும், “நாளைக்கு நல்ல நாள் பார்த்துப் போகலாம்” என்று புறப்படுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அறுவை அறையிலிருந்து வெளியே வந்த முதல் நாள்

இப்போது பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே செய்யப்படுகின்றன. ஆகவே குழந்தை நலமாக இருந்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதைத் தாயின் மார்பில் வைத்துப் பால் குடிக்கச் செய்ய முடியும். முழு மயக்கம் கொடுத்திருந்தாலும், தாய் தெளிந்து பேசத் தொடங்கியதும் பால் கொடுக்கலாம். மயக்க மருந்து பாலில் இறங்கிவிடும் என்ற அச்சத்தால் ஒரு நாள் முழுக்கக் குழந்தையைத் தள்ளி வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அது தேவையில்லை. சிசேரியனுக்குப் பின் வழக்கமாகத் தரப்படும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளும் பால் கொடுப்பதற்குத் தடையாகா. மாறாக, வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கும் தாய்க்குத்தான் பால் இறங்கத் தாமதமாகிறது. ஆகவே வலி மருந்தை நேரம் தவறாமல் கேட்டு வாங்கிக் கொடுப்பது உடன் இருப்பவரின் முதல் வேலை.

தையல் போட்ட வயிற்றின் மேல் குழந்தையைக் கிடத்திப் பால் கொடுப்பது கடினம். முதல் நாளில் தாய் ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையும் முழங்கால்களுக்கிடையில் ஒன்றும் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தன் பக்கமாகத் திருப்பி, அதன் வயிறு தன் வயிற்றைப் பார்த்திருக்கும்படி படுக்கவைத்துக் கொடுக்கலாம். எழுந்து உட்கார முடிந்ததும், குழந்தையின் உடலைத் தன் கக்கத்துக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கால்கள் முதுகுப் பக்கம் நீட்டியிருக்க, தலையை உள்ளங்கையில் தாங்கிக் கொடுக்கும் முறை தையலில் படாது. குறைமாதக் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடிக்கவும் அதுவே வசதியானது. ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதும், ஏப்பம் விடச் செய்வதும், துணி மாற்றுவதும் மற்றவர்கள் செய்ய வேண்டியவை. தாய் கட்டிலைவிட்டு இறங்கி எதையும் எடுக்கக் கூடாது.

சிசேரியனின்போது நரம்பு வழியாக ஏற்றிய குளுக்கோஸ், சலைன் காரணமாகச் சிலருக்கு மார்பின் கருவட்டமே வீங்கி இறுகிப்போய், குழந்தையால் வாயில் கவ்விப் பிடிக்க முடியாது. இதைப் பார்த்துவிட்டுக் காம்பு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பால் கொடுப்பதற்கு முன்பு, காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுச் சுவரை நோக்கி மெல்ல ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் வீக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கருவட்டம் மென்மையாகும். உடனே குழந்தையை வைத்தால் அது நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

அறுவைப் பிரசவத்தில் பால் நிறைந்து இறங்குவது சற்றுப் பிந்தலாம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோகூட ஆகலாம். அதுவரை சுரப்பது சீம்பால். அது சொட்டுக் கணக்கில்தான் வரும், குழந்தையின் இரைப்பையும் முதல் நாளில் ஒரு தேக்கரண்டி அளவைத்தான் கொள்ளும். இந்த நேரத்தில்தான் பெரியவர்கள் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தொட்டுச் சேனை வைக்க வருவார்கள். தம் குணமும் கையும் குழந்தைக்கு வர வேண்டும் என்ற அன்பினால் செய்வதுதான் என்றாலும், தேனில் பச்சிளங்குழந்தைக்கு நஞ்சாகக்கூடிய நுண்ணுயிர் இருக்க வாய்ப்புண்டு. குறைமாதக் குழந்தைக்கு வெளிநீர் எதுவும் குடலில் தொற்றை உண்டாக்கலாம். அப்பத்தாவின் மனம் நோகாதபடி இதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர் விரலைச் சுத்தமாகக் கழுவச் செய்து, தாயின் சீம்பாலிலேயே ஒரு சொட்டை எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைக்கச் சொல்வது. இதைச் சொன்னபோது மறுத்த ஆச்சிமார் மிகச் சிலரே. தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் அங்குள்ள செவிலியரைக் கேட்டே இதையும் செய்ய வேண்டும்.

குழந்தை மதுரையில், தாய் காரைக்குடியில்

மிகக் கடினமான நிலை இதுதான். குழந்தை பிறந்ததும் மூச்சுத் திணறலுக்காகவோ எடைக் குறைவுக்காகவோ சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு அனுப்பப்படுகிறது. கணவர் குழந்தையோடு போய்விடுகிறார். தாய் தையலோடு இங்கே படுத்திருக்கிறார். வீட்டார் எல்லோரும் குழந்தையைப் பற்றியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, தாயின் மார்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்த பிறகுதான் செவிலியரைக் கூப்பிடுகிறார்கள்.

பாலைச் சுரக்கச் செய்யும் கட்டளை, மார்பிலிருந்து பால் வெளியே எடுக்கப்படுவதில்தான் இருக்கிறது. குழந்தை சப்பினாலும் கையால் பீய்ச்சினாலும் உடலுக்கு ஒன்றுதான். எடுக்கப்படாத பால் தங்கத் தங்கச் சுரப்பு குறைகிறது. ஆகவே குழந்தை பக்கத்தில் இல்லாத தாய், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள்ளாவது பால் பீய்ச்சத் தொடங்க வேண்டும்; அதன் பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல் பீய்ச்ச வேண்டும். சுரப்புக்கான ஹார்மோன் இரவில்தான் மிகுந்திருக்கும் என்பதால், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஒரு முறையைத் தவறவிடக் கூடாது. அலாரம் வைத்து எழுந்து, தாயை எழுப்பி, பீய்ச்சிய பாலை வாங்கி மூடி வைத்துவிட்டு அவரை மீண்டும் தூங்கவைக்க ஒருவர் இருக்க வேண்டும்.

பீய்ச்சும் முறை இது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பின் மேல் சில நிமிடங்கள் வைத்து, விரல் நுனிகளால் மேலிருந்து காம்பை நோக்கி மெல்ல நீவிவிடுங்கள். கட்டை விரலைக் கருவட்டத்தின் மேல் ஓரத்திலும் ஆள்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விடுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வலித்தால் முறை தவறு என்று பொருள். சில நிமிடங்களில் ஓட்டம் குறைந்ததும் அடுத்த மார்புக்கு மாறி, பிறகு விரல்களின் இடத்தைச் சுற்றி மாற்றிக்கொண்டு மீண்டும் வந்து, மொத்தம் இருபது முப்பது நிமிடம் செய்யலாம். முதல் இரண்டு நாட்களுக்குக் கையே சிறந்தது. பசை போன்ற சீம்பால் பம்பின் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். பால் இறங்கிய பிறகு மின் பம்பு கிடைத்தால் நேரம் மிச்சமாகும்.

முதல் முறை ஊசியில்லாத சிரிஞ்சில் 0.3 மில்லி மட்டும் வந்திருப்பதைப் பார்த்துத் தாய் அழுதுவிடுவார். சிரிஞ்சின் நுனியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் அந்தச் சிறு துளியை யாரும் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுதலாக இருக்கும். பால்பவுடர் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் வரும் வாய்ப்பு மிகுதி. வாய் வழியே பால் இன்னும் தொடங்காத குழந்தைக்குக்கூட அந்தத் துளியைக் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள். “இவ்வளவுதானா?” என்று அருகிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டால் அடுத்த முறை அதுவும் வராது, ஏனென்றால் அச்சமும் வெட்கமும் பாலை வெளியே தள்ளும் ஹார்மோனைத் தடுத்துவிடும். விடாமல் எடுத்துவந்தால் இரண்டு வார முடிவில் நாளுக்கு அரை லிட்டர் வரை வந்துவிடும். அந்த அளவை எட்டிய தாய்க்குப் பின்னர் பால் பற்றிய கவலை பெரும்பாலும் இருக்காது.

எடுத்த பாலைக் கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டியிலோ மருத்துவமனை தரும் கிண்ணத்திலோ சேர்த்து, தாயின் பெயர், தேதி, மணி மூன்றையும் எழுதி ஒட்டி, உடனே குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் வைக்க வேண்டும், கதவில் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் வெளியே விட்டுவைக்கவே வேண்டாம். மதுரைக்குக் கொண்டுபோக, ஐஸ் பேக் நிறைத்த சிறு ஐஸ் பெட்டி போதும். காலையில் புறப்படும் உறவினர் யாராவது அதை எடுத்துச் செல்லலாம். எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்த பாலை ஏற்பார்கள், என்ன பாத்திரம் வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான விதி வீட்டுக் குழந்தைக்கான விதியைவிடக் கண்டிப்பானது. குளிர்ந்த பாலை அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்திச் சூடேற்ற வேண்டும்.

தாயின் பால் வந்து சேரும் வரை என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு, தாய்ப்பால் வங்கியிலிருந்து கிடைக்கும் பதப்படுத்திய தானப் பால் சிறந்த விடை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் இத்தகைய வங்கிகள் தொடங்கப்பட்டுள்ளன. பக்கத்துக் கட்டில் தாயிடம் நேரடியாக வாங்கிக் கொடுப்பது தொற்றுக்கு வழி வகுக்கும். பால்பவுடர் டப்பாவை இலவச மாதிரியாகக் கொடுப்பதும் விளம்பரப்படுத்துவதும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. யாராவது கையில் திணித்தால் வாங்க வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது, தாயை விரைவில் குழந்தையிடம் சேர்ப்பது. தையல் நிலை ஒத்துழைத்தால், அவரையும் அதே ஊரின் மருத்துவமனைக்கு மாற்றும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவமான தாய்க்கும், நோயுற்ற குழந்தைக்கும் சிகிச்சையும் வாகனமும் இலவசம் என்பது 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உரிமை. கேட்காதவர்களுக்கு அது பல நேரம் கிடைப்பதில்லை. போக முடியாத நாட்களில் குழந்தையின் படத்தையும், குழந்தை மேல் போர்த்திய ஒரு துணியையும் கணவர் அனுப்பி வைத்தால், அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீய்ச்சும்போது பால் எளிதாக இறங்குவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மார்போடு அணைத்து வைத்தல்

கங்காரு பராமரிப்பு என்று நாம் சொல்லும் முறையை, கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் தொடங்கினார். இன்று உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு இதைப் பிறந்தவுடனே தொடங்கி, ஒரு நாளில் குறைந்தது எட்டு மணி நேரம் செய்யும்படி 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் காலுறையும் மட்டும் அணிவித்து, இரு மார்புகளுக்கிடையில் நிமிர்ந்தவாறு, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், கால்கள் தவளைபோல் மடிந்திருக்க வைத்து, மென்மையான நூல் சேலைத் துணியால் கட்ட வேண்டும். சிசேரியன் ஆனவர் சாய்வாக, முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தால், குழந்தையின் எடை தையலில் இறங்காது. முன்பக்கம் திறக்கும் நைட்டி வசதி. ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்கக் கூடாது, ஏனெனில் அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தையைக் களைப்படையச் செய்யும்.

தாய் இல்லாத இடத்தில் தந்தையின் நெஞ்சும் இதே வேலையைச் செய்யும். “ஆம்பளை எப்படி?” என்று தயங்கும் மாமனார்களிடம் நான் சொல்வது, உடல் சூடும் இதயத் துடிப்பும் எல்லோருக்கும் உண்டு என்பதே. பாட்டியான ஆயாவும் செய்யலாம். தாய் அணைத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் பயன் என்னவென்றால், அணைத்து முடித்த உடனே பீய்ச்சும்போது பால் அதிகம் வரும்.

குழாயிலிருந்து மார்புக்கு

சப்பி, விழுங்கி, மூச்சும் விட ஒருசேரத் தெரிவது ஏறத்தாழ 34 வாரத்தில்தான். அதற்கு முன் 28 முதல் 31 வாரக் குழந்தைகளுக்கு வாய் அல்லது மூக்கு வழிக் குழாயிலும், 32 முதல் 34 வாரக் குழந்தைகளுக்குப் பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணத்திலும் கொடுப்பது வழக்கம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பாலாடை, குறைமாதக் குழந்தைக்குப் பால் புட்டியைவிட மிகப் பொருத்தமானது. புட்டிக் காம்பில் ஓடிவரும் பாலுக்குப் பழகிய குழந்தை பின்னர் மார்பில் உழைக்க மறுக்கும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டின் ஓரத்தில் வைத்து, அது நாக்கை நீட்டித் தானே நக்கிக் குடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

குழாயில் பால் கொடுக்கும் நேரத்திலேயே, பீய்ச்சி வெறுமையாக்கிய மார்பில் குழந்தையை வைத்துச் சப்பப் பழக்கலாம். பிறகு மார்பைப் பழகும் நேரம் எளிதாகும். முதல் நாட்களில் இரண்டு முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடும். அது மறுப்பல்ல. குடிக்காமல் மிச்சம் விட்டதைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்து, எடையைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தாயின் சாப்பாடும் மனமும்

பூண்டுக் குழம்பும், சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும் நன்று; ஆனால் பால் எடுக்காமல் இவற்றை எவ்வளவு சாப்பிட்டாலும் சுரப்பு கூடாது. தண்ணீரைக் குறைக்கச் சொல்வதும், வயிறு ஆறட்டும் என்று அரைவயிறாக வைப்பதும் சிசேரியன் ஆனவருக்குத் தீங்கு. மருத்துவர் சாப்பிடலாம் என்று சொன்னதும் நிறையச் சாப்பிடவும் நீர் அருந்தவும் விடுங்கள். பேறுகால மருந்துகளான காயமும் லேகியமும் மருத்துவரைக் கேட்ட பின்பே.

“இந்த வயிற்றில் குழந்தை தங்கவில்லை” என்ற சொல்லைச் சொந்தக்காரர்களிடமிருந்து கேட்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். அது யாருடைய தவறும் இல்லை என்பதைக் கணவர் அவர் காதில் விழும்படி எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்காமல், தூக்கமும் குழந்தை மேல் ஈடுபாடும் இல்லாமல் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டுக்கு வந்த பின்

வளவு வீடுகளின் உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் ஆத்தங்குடித் தரைக் கற்களும் வெயிலுக்கு அருமையானவை. குறைமாதக் குழந்தைக்கு அதே குளிர்ச்சி ஆகாது. முற்றத்துக் காற்று நேராக வராத சிறிய உள்ளறையைத் தேர்ந்தெடுத்து, 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வைத்து, தரையில் படுக்கவைக்காமல், இயன்ற நேரமெல்லாம் மார்போடு அணைத்திருங்கள். சாம்பிராணிப் புகை, வசம்புக் கரைசல், கண்ணில் மை, மூக்கை ஊதிவிடுவது ஆகியவை குறைமாதக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் குளியலை மருத்துவர் சொல்லும் எடை வரும் வரை தள்ளிப்போடுங்கள். தீட்டு என்று சொல்லிப் பிறரை உள்ளே விடாமல் வைக்கும் பழைய வழக்கத்தில் இருமல், சளி உள்ளவர்களைத் தடுக்கும் நன்மை உண்டு; அதைக் கையைக் கழுவாமல் குழந்தையைத் தொட வருபவர்களுக்கும் நீட்டிக்கலாம்.

பால் போதுமா என்பதை அழுகையைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடினால் போதுமானது. வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பிற குழந்தைகளோடு ஒப்பிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். தடுப்பூசிகளுக்கு மட்டும் பிறந்த நாளே கணக்கு. பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளிழுத்தல், உள்ளங்கை வரை மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இரவானாலும் 108ஐ அழையுங்கள். தாய்க்குக் காய்ச்சல், தையலில் சீழ், மிகுந்த உதிரப்போக்கு, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் இருந்தாலும் அவ்வாறே.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த முப்பது நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே செய்ய வேண்டும். கண் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரியும், ஆனால் உள்ளே நோய் முற்றிப் பார்வை போய்விடலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று மருத்துவமனையைவிட்டுப் புறப்படும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.